காப்புக் கட்டிய நிதியமைச்சருக்கு

அண்ணா,

இன்று காலை பால் வாங்கப் போனவன் அரிசிப்பாளையம் முனையில் அப்படியே நின்றுவிட்டேன். பெட்டிக்கடை வாசலில் செய்தித்தாள் போஸ்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். மை வாடை இன்னும் போகவில்லை. ‘நிதியமைச்சர் திடீர் மாற்றம்’. ஒரு நொடி எனக்குக் காலம் குழம்பிவிட்டது. உங்களைத்தான் மறுபடி தூக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான், இனி உங்களை எவனும் எங்கிருந்தும் தூக்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது.

இந்த முறை போனவர் உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆத்தூர்க்காரர். கூட்டணியில் பெரிய கட்சியின் சொந்த ஆள். அவரையே அனுப்பிவிட்டார்கள். பக்கத்து டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. “முன்னாடி ஒருத்தன் இருந்தானே, எருமப்பட்டிக்காரன், அவனும் பாலத்துல கமிஷன் கேட்டுத்தானே போனான்” என்றார் ஒருவர். “ஆமா, விசாரிக்கக் கூப்பிட்டா ஊரை விட்டே வரலையாமே. மடியில கனம் இருந்திருக்கும்” என்றார் இன்னொருவர். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அவர் ஊர் நோம்பிக்குக் காப்புக் கட்டியிருந்தாருங்க, அதனாலதான் வரலை” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அது சரிங்க பெரியவரே” என்று பன்னை டீயில் நனைத்தார். நீங்கள் செத்தும் உங்கள் பெயர் இப்படித் தெருவில் கிடக்கிறது, அண்ணா. எனக்கு அழுகை வந்தது. பாலை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீங்கள் எருமப்பட்டிப் பக்கம் வெங்காயமும் சோளமும் போடும் குடும்பம். நான் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த சேலத்து கம்பவுண்டர் மகன். கட்சிதான் நம்மை ஒரே வேனில் ஏற்றிவிட்டது. எனக்கு மேடைப் பேச்சாளன் என்று பெயர். மைக்கைக் கண்டால் விடமாட்டேன். நீங்களோ மூன்று வாக்கியம் பேசிவிட்டு, கூட்டம் கைதட்டலாமா என்று யோசிப்பதற்குள் இறங்கிவிடுவீர்கள். “நீ பேசற நேரத்துல நான் ஒரு காடு உழுது போடுவேன் சாமி” என்று என்னைக் கேலி செய்வீர்கள். “உழுதுட்டு வாங்க, நான் இன்னும் பேசிட்டுத்தான் இருப்பேன்” என்பேன். அப்படியே வயதாகிவிட்டது நமக்கு.

தேர்தலில் பெரிய கட்சிக்குப் பெரும்பான்மை கொஞ்சம் குறைந்ததும், கைப்பிடி எம்எல்ஏக்களை வைத்திருந்த நம் கட்சிக்கு யோகம் அடித்தது. நம் தலைவர் நிதித்துறையைத்தான் கேட்டார். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள். துறை உங்களுக்கு என்று அறிவித்த அன்று நாமக்கல் கட்சி அலுவலகத்தில் பட்டாசு வெடித்தோம். நான் சால்வையோடு ஓடி வந்தேன். நீங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தீர்கள். “சாவி நம்ம கைல வந்துருச்சுன்னு நினைக்காத சாமி. கேக்கறப்பத் தொறக்கோணும்னுதான் குடுத்துருக்கறாங்க” என்றீர்கள். நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது.

கொஞ்ச நாளில் திறக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு மேம்பாலத்துக் கோப்பு. வேலையை எடுக்கப் போகிறவர் பெரிய கட்சிக்கு ரொம்ப வேண்டியவர் என்று ஊருக்கே தெரியும். மதிப்பீடு ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். வீக்கம் குறையாமல் மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினீர்கள். அதற்கப்புறம் கோப்பு வரவில்லை, பேச்சுத்தான் வந்தது. தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் வாய்கூசாமல் சொன்னார், நிதியமைச்சர் தன் பங்குக்காகக் காத்திருக்கிறார் என்று. நம் கட்சிக்காரர் ஒருவரும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தண்ணீர் குடித்தார்.

அந்தப் பங்குனியில்தான் உங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழா. கோயில் முன்னால் கம்பம் நட்டு, ஊர் சார்பாக முதல் காப்பு உங்கள் வீட்டு ஆளுக்குத்தான் கட்டுவார்கள். மஞ்சள் கோர்த்த அந்த நூல் கையில் ஏறிவிட்டால், திருவிழா முடிந்து கம்பம் பிடுங்கும் வரை இரவு ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்குப் பிறகு ஒரு வருடமும் விடாமல் நீங்கள் கட்டிக்கொண்டது அது. சட்டசபையும் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. நோம்பிச் சாப்பாட்டுக்கு நானும் வந்திருந்தேன்.

சாயங்காலம் தலைவரிடமிருந்து போன். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “நாளைக்குக் காலைல கூட்டணி ஒருங்கிணைப்புக் குழு. உங்க பேச்சைத்தான் எடுக்கப் போறாங்க. ராத்திரியே கிளம்பி வந்துடுங்க” என்றார் அவர்.

“காப்புக் கட்டியிருக்கறனுங்க. கம்பம் புடுங்கின அன்னிக்கே கிளம்பி வாரேனுங்க.”

“என்ன கட்டியிருக்கீங்க?”

நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். அவர் தென்கடற்கரைக்காரர், அவருக்கு இது புதிது. “அந்தக் கயித்தை அவுத்து சாமி படத்துக்கிட்ட வெச்சுட்டு வாங்க. திரும்பிப் போய்க் கட்டிக்கலாம்” என்றார். நீங்கள் முடியாது என்றீர்கள். போனிலேயே பேசுகிறேன் என்று கேட்டுப் பார்த்தீர்கள். நேரில் இருந்தால்தான் ஆச்சு என்று அவர் வைத்துவிட்டார்.

நான் விடவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “அவுத்துட்டுப் போங்கண்ணா, தெய்வம் கோவிச்சுக்காது, இவங்கதான் கோவிச்சுக்குவாங்க” என்று கெஞ்சினேன். நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: “பெரிய வெள்ளிக்கிழமை உங்க ஊட்ல கறி ஆக்குவீங்களா சாமி?”

“முதலமைச்சர் கூப்பிட்டா ஆக்குவேன்.”

“ஆக்க மாட்ட. பேச்சுக்குச் சொல்ற” என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு போய்விட்டது. “எனக்குன்னு கட்டினதா இருந்தா அவுத்துப்போட்டுப் போயிருவேன். இது ஊருக்குக் கட்டினது. அவங்களுக்கும் ஊருன்னு ஒண்ணு இருக்குமல்ல, எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க” என்றீர்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது, அண்ணா. ஊர் நம்பும் சங்கதியை மெட்ராஸும் நம்பும் என்று நினைத்தீர்கள். அந்த அறையில் உங்கள் நாற்காலி காலியாகக் கிடந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. குற்றமில்லாத மனுஷன் ஏன் வரவில்லை என்று கேட்டார்களாம். நம் தலைவர் காப்பைப் பற்றிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும், கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லியிருப்பார். நிதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இரண்டு துறைகளை வாங்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். இரண்டில் ஒன்றுகூட உங்களுக்கு இல்லை.

மறுநாள் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. யாரோ ஒருவர் கைப்பேசியைக் காட்ட, அது ஒவ்வொரு கையாகப் போக, மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஊரே உங்கள் முகத்தைப் பார்த்தது. “அடிங்கப்பா. நோம்பிக்கும் இதுக்கும் என்ன இருக்குது” என்றீர்கள். மேளம் மறுபடி கிளம்பியது. நீங்கள் கடைசிவரை நின்றீர்கள். அன்று உங்கள் பக்கத்தில் நிற்க எனக்குத் தெம்பு இல்லை, ஒரு வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பதவி போனதற்காக நீங்கள் ஒருநாளும் புலம்பவில்லை. ‘நிர்வாக வசதிக்காக’ என்று தலைவர் பூசி மெழுகி ஓர் அறிக்கை விட்டார். அதைத்தான் உங்களால் விழுங்க முடியவில்லை. எந்த நிர்வாகம், யாருடைய வசதி என்று கேட்டீர்கள். கமிஷன் கதைக்கு மறுப்பு எங்கேயும் இல்லை. ஊரில் நாலு பேர் கூடினால் பேச்சை மாற்றினார்கள். வெங்காய மண்டியில் ஒருவன் உங்களுக்குக் கேட்கும்படியே, “பாலம் வந்துருச்சுங்களா?” என்றான். அன்று சாயங்காலம் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினீர்கள். “பதவியைத் திருப்பிக் கேக்கல சாமி. இவரு தப்பு பண்ணலைன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நான் பேசினா சால்ஜாப்பு. நீ பேசினா சிநேகிதம். அவங்க சொன்னாத்தான் அது வார்த்தை” என்றீர்கள்.

தலைவரைப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார். கூட்டணி தர்மம் என்றார். சமயம் வரட்டும் என்றார். அந்தச் சமயம் வருவதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போனவர் வரப்பில் உட்கார்ந்தீர்களாம், எழுந்திருக்கவே இல்லை.

நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் படத்திறப்பு வைத்தார்கள். தலைவர் தலைமை, படத்தைத் திறக்க ஆத்தூர்க்காரர். நான் மேடை ஏறும் முன் நம் நகரச் செயலாளர் காதருகே வந்து, “அண்ணா, கூட்டணி பத்தி வாயத் தொறந்துராதீங்க. உள்ளாட்சித் தேர்தல் வருதுங்க” என்றார். நான் தலையாட்டிவிட்டுப் போய் மைக்கைப் பிடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சின்னதாகப் பேசியதில்லை. “இவர் தப்பு செய்யவில்லை. அந்தத் துறையின் கோப்புகள் எல்லாம் இன்றைக்கு யார் கையில் இருக்கின்றனவோ அவரே இந்த மேடையில் இருக்கிறார். இந்தப் படத்துக்கு முன்னால் அதை அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றேன். பின்னால் யாரோ என் சட்டையை இழுத்தார்கள். ஆத்தூர்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் முறை வந்ததும், நீங்கள் எளிமையானவர், பழக இனியவர், விவசாயத்தில் ஆர்வம் உள்ளவர் என்று பேசி முடித்து, மாலை போட்டுவிட்டுப் போனார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி அவர் காரேறும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசியது மறுநாள் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அதன் பிறகு கட்சி என்னை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

இன்று மதியம் அந்த ஆத்தூர்க்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார், அண்ணா. சோற்றில் கை வைத்திருந்தேன். அவர் குரலே அடையாளம் தெரியவில்லை.

“அந்த மேம்பாலக் கோப்பு என்கிட்டயும் வந்துச்சு. நானும் கையெழுத்துப் போடலை. அதுக்குத்தான் இன்னைக்கு இது” என்றார். “அவரு ஓரத்துல எழுதியிருந்ததை எல்லாம் படிச்சேன். அவரு மேல ஒரு தப்பும் இல்லை. படத்திறப்பு அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு.”

நான் கை கழுவக்கூட இல்லை. “இதை வெளியில சொல்லுங்க. இன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல எல்லா மைக்கும் நிக்கும். இதை மட்டும் சொல்லிடுங்க” என்றேன்.

“இப்பச் சொன்னா பதவி போன வயித்தெரிச்சல்ல பேசறேன்னு எடுத்துக்குவாங்க. கட்சியில நான் இன்னும் இருந்தாகணும். என்னைத் தப்பா நினைக்காதீங்க” என்று வைத்துவிட்டார்.

கட்டிய வேட்டியோடு பஸ் ஏறி, பொழுது சாய உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கை வேலையை நிறுத்தவில்லை.

“போன்லயாங்க?” என்றார்கள்.

“ஆமாங்க அண்ணி.”

“உங்ககிட்ட மட்டுந்தானுங்களா?”

“ஆமாங்க.”

“பதவியில இருக்கறப்போ அவர் சொல்லியிருந்தா ஊரு கேட்டிருக்கும். இப்ப நாளைக்கே டிவியில சொன்னாலும் அவரும் எங்க ஊட்டுக்காரராட்டக் காசு கேட்டுத்தான் போனாரு, சேர்ந்து பேசிக்கறாங்கன்னு போட்டுருவாங்க.” மடியில் விழுந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு, “சாப்புட்டீங்களா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எழுந்து உள்ளே போனார்கள்.

உள்ளே வெகுநேரம் பாத்திரச் சத்தமே கேட்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லி என்ன, பெரியவர் பொழுது போகாமல் பேசுகிறார் என்பார்கள். நீங்கள் கேட்ட அந்த வார்த்தை, கேட்டபடியே அவர்கள் வாயால் வந்து, இப்போது என்னிடம் இருக்கிறது, அண்ணா. அதை வாங்கிக்கொள்ளத்தான் நீங்கள் இல்லை.