மறுபடியும் காட்டவும்

நேற்று கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் எதிரே கேமராவை நிறுத்தி, நீயும் நானும் பேசிக்கொண்ட கைப்பேச்சைச் செய்து காட்டச் சொன்னாள். சைகையைப் பார்த்து அர்த்தம் சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்களாம். எனக்கு அந்த ஆஸ்பத்திரி போன்தான் ஞாபகம் வந்தது. கை எழவே இல்லை, தங்கச்சி.

உனக்கு ஆறு வயதில் சேலத்தில் காது கேளாதோர் பள்ளியில் இடம் கிடைத்தது. "ஊமப் புள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? பாத்துக்கத்தான் ஊட்ல இவ இருக்கறாளே" என்று அண்ணன் என்னைக் காட்டித் தடுத்தான். அவன் சாவுக்குப் போயும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பள்ளிக்கூடத்துச் சைகை உனக்குத் தெரியாமலே போயிற்று. நமக்கு நாமே ஒரு பேச்சைக் கட்டிக்கொண்டோம்.

நாம் வேலை பார்த்த குமாரபாளையத்துத் தறிக்கூடத்தின் இரைச்சலில் எல்லாருமே செவிடுதான். அங்கே நீதான் பெரிய வாயாடி. மேஸ்திரியின் தொப்பையை நீ காற்றில் வரைந்தால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். தறி நின்றதும் அவர் என்னிடம் வருவார்.

"என்னயப் பத்தி என்னடி சொல்றா?"

"தங்கமான மனுசன்னு சொல்றாளுங்க."

போன மாதம் உனக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நீங்க வெளிய இருங்க பாட்டி. அவங்க கையைக் காட்டுனா போனே படிச்சுச் சொல்லிருமுங்க." படித்தவள் சொல்கிறாளே என்று நானும் நின்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு, போனில் பதிவானதை அவளே காட்டினாள். புருவத்தின் மேல் ஒரு விரலை இழுக்கிறாய். பிறகு உள்ளங்கையை உன் பக்கம் மடக்குகிறாய். தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்து எனக்கு விழுந்த தழும்பு அந்த இடத்தில்தான். உன் கையில் என் பெயர் அது. என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாய். 'புரியவில்லை, மறுபடியும் காட்டவும்' என்று போனில் எழுத்து வந்ததாம். நர்ஸும் மறுபடி, மறுபடி என்று கையை ஆட்டுகிறாள். தப்பு உன் மேல்தான் என்று நினைத்தாயோ என்னவோ, ஒவ்வொரு தடவையும் விரலை இன்னும் மெதுவாக, இன்னும் பதனமாக இழுக்கிறாய். ஐந்து தடவை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"இதையெல்லாம் சேத்துட்டா இனி யாருக்கும் இப்படி ஆகாதுங்க பாட்டி" என்றாள் கல்லூரிப் பெண். நல்ல பெண்தான்.

"இந்தப் பேச்சைப் பேச இனி யாரு இருக்கறா, சாமி?" என்றேன். அவள் கேமராவை மடக்கிவிட்டாள்.

இன்று காலை குழாயில் தண்ணீர் வந்தது. நின்ற இடத்திலிருந்தே விரல்களைக் கீழே உதறி உனக்குச் சொன்னேன். நீ போனது என் கைக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நானே போய்க் குடத்தை வைத்தேன்.