நான் சேர்த்து எழுதிய சொல்

இன்று காலை விடுதிச் சமையல்கட்டைக் கடந்து போனேன். பச்சை மிளகாயை எண்ணெயில் போட்டு வதக்கிக்கொண்டிருந்தார்கள். நெடி தாங்காமல் எல்லோரும் இருமினார்கள், நானும் இருமினேன். அவர்களுக்கு நின்றுவிட்டது. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. நீ போய்ப் பத்து மாதமாகிறது. புற்றுநோய் உன்னைப் படுத்திய பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். ஆனாலும் மிளகாய் நெடிக்கு நினைவில் வருவது அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் அல்ல, நம் கல்லூரிப் பேச்சு மன்றத்து அறை.

முதலாமாண்டில் நாம் இருவரும் ஆசை ஆசையாகப் போய்ச் சேர்ந்த மன்றம் அது. நீ ஏரியூர்ப் பக்கம், நான் பென்னாகரம். மேடையேறிப் பேச வேண்டும் என்ற வெறி இருவருக்கும் ஒன்றுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டாம் வாரம் ஒரு சடங்கு உண்டு என்றார்கள். அதற்கு 'நாத்திருத்தம்' என்று அழகான பெயர் வேறு வைத்திருந்தார்கள். பெஞ்சின் மேல் ஏறி நின்று குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். வீடு என்பதற்கு 'வூடு' என்று வாய் தவறினால் ஒரு பச்சை மிளகாய். மென்று விழுங்க வேண்டும். துப்பக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது.

எனக்குப் பயத்தில் வூடெல்லாம் வீடாகிவிட்டது. அதோடு நின்றதா? எங்கள் ஓட்டுக்கூரையில் குருவி கட்டிய கூட்டைப் பற்றிச் சொல்லும்போது 'குருவிக் கீடு' என்றேன். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த சிரிப்பில் என்னை மிளகாயில்லாமல் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து உனக்கு நான் 'கீடு'தான்.

அடுத்தது உன் முறை. "எங்க வூட்ல" என்று ஆரம்பித்தாய். ஒரு மிளகாய். மென்று முடித்துவிட்டு மறுபடியும் "எங்க வூட்ல" என்றாய். மன்றத் தலைவி முறைத்தாள். "எங்கூர்ல இப்புடித்தானுங்க்கா சொல்லுவோம்" என்றாய் நிதானமாக. நாலாவது மிளகாய்க்கு வாயை இறுக மூடிக்கொண்டாய். அவள் உன் மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்காக நீ வாயைத் திறந்ததும் இன்னொருத்தி உள்ளே திணித்தாள். பெஞ்சிலிருந்து விழுந்தாய். நாக்கும் உதடும் வெந்து, இரண்டு நாளைக்கு மோரைத் தவிர எதுவும் உனக்கு இறங்கவில்லை. இதில் கூத்து என்னவென்றால், அந்தத் தலைவியும் நம் பக்கத்துப் பாலக்கோட்டுக்காரிதான். அடுத்த வாரமே அவளைப் பார்க்க வந்த அவள் அம்மா, விடுதி வாசலில் நின்று, "வூட்டுக்கு எப்பம்மா வருவ?" என்று கேட்டார்.

நீ புகார் எழுதினாய். எப்படிப் பேசுவாயோ அப்படியே எழுதினாய்: 'எங்க வூட்ல சொல்ற மாதிரி சொன்னன். அதுக்கு மூக்க புடிச்சி வாயில மொளகா வெச்சாங்க.' மன்றப் பொறுப்பாசிரியர் அதை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு என்ன செய்தார்? சிவப்பு மையால் பிழை திருத்தினார். வூட்ல என்பதை அடித்து 'வீட்டில்', மொளகாவை அடித்து 'மிளகாய்'. "பேச்சு மன்றத்துல இருந்துக்கிட்டு இப்படியாம்மா எழுதுவ? நல்ல தமிழ்ல எழுதி எடுத்துட்டு வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். வாய் வெந்த ஒரு பெண்ணிடம் அவர் பார்த்தது எழுத்துப் பிழையை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று, நல்ல தமிழில் எழுதித் தரும் வேலையை என்னிடம் கொடுத்தாய். அன்று சாயங்காலம் தலைவி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "சென்னைப் போட்டிக்குப் போற லிஸ்ட்ல உன் பேரு இருக்குடி" என்றாள். பக்கத்தில் கிடந்த உன் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனாள். அவள் போன பிறகு நான் எழுதினேன்: 'விளையாட்டாக என் வாயில் மிளகாய் வைத்தார்கள்.' நீ சொல்லாத சொல் அது ஒன்றுதான். என்னை நம்பி, படிக்காமல் கையெழுத்துப் போட்டாய்.

விசாரணையில் உன்னை உட்காரவைத்து, "விளையாட்டாகன்னு நீயே எழுதியிருக்கியேம்மா" என்றார்கள். வெளியே ஜன்னலோரம் நின்றிருந்த என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். என் பெயரைச் சொல்லவில்லை. "அந்த வார்த்த என்துல்லைங்க சார். அதை அடிச்சிட்டு மறுபடியும் கையெழுத்து போடுறன்" என்றாய். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சமாதானமாகப் போகச் சொன்னார்கள்.

நீயா சமாதானமாகப் போவாய்? திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்றாய். கையில் என் குண்டெழுத்துத் தாள் இல்லை. சிவப்பு மை பட்ட உன் முதல் தாளைத்தான் கொடுத்தாய். "இத நான் எழுதுனதுங்க. இந்த செகப்பு எங்க சார் போட்டது" என்றாயாம். அவர் போட்ட திருத்தமே அவருக்கு எல்லாம் தெரியும் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. தலைவியும் அவள் கூட்டாளியும் ஒரு பருவத்துக்குக் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார்கள், பொறுப்பாசிரியர் மாற்றப்பட்டார், நாத்திருத்தம் நின்றது. ஆனால் அந்த வருடம் முழுக்க சாப்பாட்டுக் கூடத்தில் உன் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. வெட்கம், பயம் இரண்டும்தான்.

கடைசியில் நீதான் என்னிடம் வந்தாய். நான் மன்னிப்புக் கேட்டு அழ ஆரம்பித்தேன். "மன்னிச்சிட்டன்னு சொல்ல மாட்டன் கீடு. ஆனா வா, சாப்புடலாம்" என்றாய். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மறுபடியும் கேட்டேன். அப்போதும் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்றுதான் தலையாட்டினாய். அதுதான் சரி. நீ மன்னித்திருந்தால் நான் மறந்து தொலைத்திருப்பேன்.

இப்போது நடப்பதைக் கேள். நான் பாடம் நடத்தும் இந்தக் கல்லூரியில் ராகிங் தடுப்புக் குழுவில் நானும் ஒருத்தி. இங்கே மலையேற்றக் குழு என்று ஒன்று இருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து வந்த முதலாமாண்டுப் பெண் ஒருத்தி அதில் சேர்ந்தாள். "மலக்காரிதான, ஏறு பாக்கலாம்" என்று நாலு பேருடைய பைகளை முதுகில் ஏற்றி, தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி ஏறி இறங்க வைத்திருக்கிறார்கள். ஏழாவது முறை கால் பிசகி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. இதைச் செய்த எல்லோரும், ராகிங் செய்ய மாட்டேன் என்று சேரும்போதே ஆளுக்கொரு பக்கம் உறுதிமொழி எழுதிக் கொடுத்த பிள்ளைகள்தான்.

நேற்று மதியம் குழுக் கூட்டம். கை முறிந்த அவளுக்குப் புகாரை எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுத்தில் புகார் வந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது முதல்வருக்கு நன்றாகத் தெரியும். "பசங்க எதிர்காலம் மேடம். விளையாட்டா நடந்ததுன்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க. நீங்கதான் பக்குவமா எழுதுவீங்க" என்றார். "அந்த வார்த்தைய ஏற்கெனவே ஒரு தடவ எழுதியிருக்கேன் சார். இன்னொரு தடவ எழுத மாட்டேன்" என்றேன். உன் கதையை, அதில் என் பங்கையும் சேர்த்து, ஒளிக்காமல் அந்த மேசையில் சொன்னேன். கேட்ட சிலர் செல்போனைப் பார்த்தார்கள். துறைத் தலைவர் பதவிக்கு உங்கள் பெயரை அனுப்பியிருக்கிறோம் என்பதை முதல்வர் பொதுவாக நினைவுபடுத்தினார். கிடைக்காவிட்டால் போகட்டும்.

இன்று பிற்பகல் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தேன். வலது கையில் மாவுக்கட்டு, எழுத முடியாது. அவள் சொல்லச் சொல்ல, அவள் வாயிலிருந்து வந்தபடியே எழுதினேன். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. தாளின் அடியில், எழுதியது நான் என்று என் பெயரைப் போட்டேன். முதல்வர் அனுப்பாவிட்டால் இதன் நகலை நானே ஸ்டேஷனில் கொடுப்பேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா மேடம்?"

"ஆகும். ஆகட்டும்" என்றேன். "அவசரப்படாத. மொதல்ல முழுசாப் படி. நீ சொல்லாத வார்த்த ஒண்ணு இருந்தாலும் அடி. அப்பறம் கையெழுத்துப் போடு."

அவள் வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.