இஸ்திரிப் பெட்டி மேல் பழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையையும் பேத்தியையும் விசாரித்ததாகச் சொல்.

முதலில் என் மானம் போன கதை. செவ்வாய்க்கிழமை காலை உன் தம்பி குளிக்கப் போன நேரத்தில் அவன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டிக்கு பிளக் தேடினேன், தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொன்னேன். நாலு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த வேலை போயே போச்சு. முப்பது வருஷம் தையல் மெஷினோடு குடும்பம் நடத்தியவனுக்கு எந்த ஸ்விட்ச் எதற்கென்று தெரியாதாம். "இனிமே உங்கப்பா அந்த ரூமுக்குள்ள கையைக் கட்டிக்கிட்டுதான் போகணும்" என்று உன் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அவன் வேலை உனக்குப் புரியும், எனக்கு அரைகுறைதான். செல்போனில் படமும் பாட்டும் ஓட வைக்கிற ஏதோ ஒரு சாமானை இந்த மேஜையில் தயார் செய்கிறான். ஆனால் அது இந்த மேஜையில் ஓடாது, போனில்தான் ஓடும். புரிகிற மாதிரி சொல்லுடா என்றேன். "இங்க தைக்கிறோம்பா, போட்டுக்கிறவங்க வேற எங்கயோ இருக்காங்க" என்றான்.

நாலு வகை போனில் மூன்றுக்குச் சரியாக வந்துவிட்டது. நாலாவதற்குக் கடைசிக் கட்டத்தில் நின்றுவிடுகிறது. போனுக்கென்று எடுக்க வேண்டிய ஒரு துண்டை, யாரும் சொல்லாமலே இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறதாம். அளவுச் சீட்டு கையில் இருக்க, தையற்காரன் தன் கழுத்தை அளந்து காலர் வெட்டின மாதிரிதான். முன்பென்றால் நான் இப்படிச் சொன்னதற்குச் சிரித்திருப்பான்.

மூன்று வாரமாக ஒரு வரி மாற்றுகிறான், ஓட விடுகிறான், காத்திருக்கிறான். நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகிறது, பாதியோடு திரும்புகிறது. ஜன்னலைத் திறந்தால் திரை தெரியவில்லையாம், மூடச் சொல்கிறான். விட்டுவிட்டு வேறு வேலை தேடேன் என்று அம்மா கேட்டே விட்டாள். "அக்கா அவ மேனேஜர்கிட்ட பேசி வாங்கிக் குடுத்த வேலைம்மா. நான் பாதியில எழுந்து போனா அவதான் தலைகுனியணும்" என்றான். உன்னைக் குறை சொல்லவில்லை, தாயே. தம்பிக்கு ஒரு வழி பண்ணு என்று உன்னை அரித்தெடுத்தவன் நான்தானே.

அன்றைக்கு ஈரத் தலையோடு வந்து இருண்ட திரையைப் பார்த்தான். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவன் நாற்காலியில் சாய்ந்து, "நல்லதாப் போச்சுப்பா" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு தெருமுனை வரை நடந்து வந்து டீ குடித்தான். திரும்பி வந்ததும் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒரே ஒரு காரியம் செய். அவனைக் கூப்பிட்டு, நீ வேலையை விட்டாலும் என் பெயர் கெடாது என்று உன் வாயால் சொல். கெடும் என்றாலும் அப்படியே சொல். உன் மேனேஜரிடம் மன்னிப்பு நான் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: அன்றைக்கு இஸ்திரி போட ஒரு துணிகூட இல்லை. தெரிந்தேதான் அணைத்தேன். டீக்கடையில் அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.