வலது கை பிடித்தவள்

1889 அக்டோபர் 14

என் கல்யாணத்தன்று தேவாலயத்தில் இருந்தவர்கள்: பாதிரியார் பாய்சன், விலாங்கு மீன் பிடிக்கும் என் அப்பா தேடே, மணியடிக்கும் ஓவே, நாத்தனார் அமாலியா, நான், என் பிரபு ஹார்ட்விக். வேறு ஈ காக்கை கிடையாது.

இன்று ஹார்ட்விக்கின் சவப்பெட்டியைக் குடும்பக் கல்லறை நிலவறையில் வைத்தார்கள். பக்கத்து இடம் எனக்கென்று அவர் விட்டுவைத்தது. கொழுந்தன் யோசியாஸ் கையுறையைக் கூடக் கழற்றாமல் சொன்னார்: "உங்களுது இடக்கைக் கல்யாணம், வீப்கே. உள்ள இடம் கிடையாது. வெளியில ஆப்பிள் மரத்தடியில பாத்துத் தர்றேன்."

மரத்தடியில் யோசியாஸ் படுக்கட்டும்.

அக்டோபர் 15

தூக்கம் வரவில்லை. பிரபு குலத்தவர் மீன்காரர் மகளைக் கட்டினால் இடது கையைத்தான் கொடுப்பார். அவளுக்குக் குடும்பப் பெயர் இல்லை, நிலவறை இல்லை. எனக்கும் அதுதான் பேச்சு. ஆனால் ஹார்ட்விக்கின் இடது கை போரில் குண்டடிபட்டுக் கட்டோடு தொங்கியது. வலது கையை நீட்டினார். பாய்சன் பதற்றத்தில் அதையே என் கையோடு சேர்த்து ஜெபித்துவிட்டார். முடிந்த பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. "வெளிய சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினார். வண்டியில் ஏறியதும் ஹார்ட்விக் என் காதில், "தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்றார்.

நான் விடுவேனா?

அக்டோபர் 17

யோசியாஸிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறன்று குடும்பம் கூடி விசாரிக்குமாம். உயிரோடு இருக்கிற சாட்சி அமாலியா மட்டும். ஒரு நாள் கூட என்னை அண்ணி என்று கூப்பிடாதவள். நான் வந்த வருஷம், மார்ட்டின் திருநாள் விருந்தில் என்னைச் சமையல்கட்டில் உட்கார வைத்து, வாத்தின் கழுத்துத் துண்டை அனுப்பியவள். அவளிடமா போய் நிற்பது? நிற்க மாட்டேன். வந்தால் வரட்டும்.

அக்டோபர் 18

மகள் எல்சபே வந்தாள். அவள் புருஷன், யோசியாஸின் பண்ணையில் மேலாளர். "செத்தப்பறம் எங்க படுத்தா என்னம்மா? எங்க பொழப்பக் கெடுக்காத."

"உங்கப்பா பக்கத்துலடி. வேற எங்க படுப்பேன்?"

காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

அக்டோபர் 19

கறுப்பு உடையை இஸ்திரி போட்டேன்.

அக்டோபர் 20

பேனா முள்ளை அழுத்தி உடைத்துவிட்டேன்— கோபத்தில்தான்.

பெரிய கூடத்தில், முன்னோர்களின் கேடயங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் சொன்னேன், யார் எங்கே நின்றார்கள் என்பது வரை. யோசியாஸ் எல்சபேயைப் பார்த்தார். "உங்கம்மா சொல்றத நம்பலாமா?"

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, சித்தப்பா. ஞாபகம் தடுமாறுது. இல்லாததெல்லாம் சொல்லும்."

ஞாபகமா? எனக்கா? அவளுக்கு முதல் பல் விழுந்த நாளைச் சொல்லட்டுமா?

அமாலியா தடியைத் தட்டினாள். "வலது கைதான். நான் பாத்தேன். இவள எனக்குப் பிடிக்காது, இன்னிக்கும் பிடிக்கல. அதுக்காகப் பொய் சொல்லிட்டு, நாளைக்கு அதே நிலவறையில எங்கண்ணன் முகத்துல எப்படி முழிக்கிறது?"

யோசியாஸ் வாய் திறந்தார். "நீ சும்மா இருடா. அப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்திரிங்க அண்ணி. சூப் ஆறுது."

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். ஹார்ட்விக்கின் பக்கத்துக் கல்லில் என் பெயரை வெட்டிவிட்டார்கள், குடும்பப் பெயரோடு. போய்த் தடவிப் பார்த்தேன். அமாலியா வாத்து அனுப்பியிருந்தாள், நெஞ்சுக்கறி. உப்பு கொஞ்சம் தூக்கல். சாப்பிட்டேன். யோசியாஸ் எனக்கு அந்நியர், அவர் மேல் எனக்கு என்ன கோபம்?

சாயங்காலம் ஒருத்தி கேக்கோடு வாசலில் வந்து நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கதவைத் திறக்கவில்லை. மன்னிக்க மாட்டேன்— நிலவறைக் கல் மூடினாலும் மாட்டேன்— என் வயிற்றில் பிறந்த எல்சபேயை.