பொம்மை ரயிலுக்குப் போன வாசல் பெல்

வனஜா அப்பாவுக்கு,

வீடு பெருக்குகிறவள், அதாவது வனஜா அம்மா, எழுதுவது. "உன் தொடப்பம் பட்டுத்தான்டி ஒயரு அறுந்துபோச்சி" என்று முந்தாநாளிலிருந்து அவளோடு பேசாமல் இருக்கிறீர்களே, அவள்தான்.

மேசைக்கடியில் பார்த்தாள். ஒயர் அறுபடவில்லை. உங்கள் பொம்மை ரயில் தடம் மாறுகிற இடத்துக்கு, கையை எடுத்ததும் கரண்ட் நின்றுவிடுகிற, அமுக்கி விடுகிற பட்டன்தான் போட வேண்டும். எந்த மகா எஞ்சினியரோ லைட்டு சுவிட்சைப் போட்டிருக்கிறார். கரண்ட் ஓடிக்கொண்டே இருந்து, தடத்தைத் திருப்புகிற கம்பிச்சுருள், அந்தக் காயில், கருகிவிட்டது. பிரான்சிலிருந்து தம்பி அனுப்பிய பெட்டியில் இருந்த மாற்றுக் காயிலைப் போட்டு, வாசல் பெல் பட்டனைக் கழற்றி மாட்டிவிட்டாள். ரயில் இப்போது சொன்ன பக்கம் திரும்புகிறது. இந்த வீட்டில் அதுவாவது திரும்பட்டும்.

வத்தக்குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. அவள் குருவிநத்தம் போகிறாள்.

பி.கு.: கிருமாம்பாக்கத்து அக்கா வருவார். பெல் இல்லை. வாசலில் கூப்பிட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் நானும் கூப்பிடுவேன்.