அமீனா வீட்டு ஆமை

மாமா,

இன்று காலை என் கண்ணாடிக் கடையில் சிலிக்கான் பசைக் குழாயின் மூக்கை அறுத்தேன். காடி புளித்ததுபோல அந்த வாடை எழுந்தது. மீன் தொட்டிக்கு மூலை ஒட்ட உட்கார்ந்தவன், ஒட்டாமல் எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டேன். எதிர்க்கடைக்காரர், "என்னா, யாரத் தேடறீங்க?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். உள்ளே வந்தேன், மறுபடியும் வெளியே போனேன். நீங்கள் போனதிலிருந்து எனக்கு இப்படித்தான் இருக்கிறது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவரை இந்தக் கால் நிற்காது போலிருக்கிறது.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அக்காவை உங்களுக்குப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளை கடலூர் கோர்ட்டில் அமீனா என்று தெரிந்ததும் சிதம்பரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் அதைச் சொன்னார்கள். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். சம்மன் கொண்டுபோவதும், தீர்ப்பானபின் வீட்டைக் காலிசெய்து உரிமையாளரிடம் ஒப்படைப்பதும் உங்கள் வேலை. உங்களைத் தெருமுனையில் பார்த்தாலே கதவைச் சாத்துவார்கள். அதனாலோ என்னவோ, எந்த வீட்டுக்குப் போனாலும், எங்கள் வீட்டுக்கு வந்தாலும்கூட, 'உள்ளே வாங்க' என்று யாராவது சொல்லும்வரை வாசலிலேயே நிற்பீர்கள்.

2006, மழைக்காலம் தொடங்கும் முன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாடகை வீட்டைக் காலிசெய்யப் போனீர்கள். குடியிருந்தவர்கள் யாருக்கும் சொல்லாமல் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். பூட்டை உடைத்து உள்ளே போனால் வீடு வெறுமையாக இருந்தது. குளியலறையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பேசின். அதில் கலங்கிய தண்ணீர், ஊறி உப்பிய பொரி, நடுவில் உள்ளங்கை அளவு ஆமை. பேசினின் விளிம்பில் குழந்தைக் கையெழுத்தில் 'தொடாதே கடிக்கும்' என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரரின் ஆள் சிரித்துவிட்டு, "ஆமையும் அமீனாவும் ஒரே நாள்ல வந்துருக்கு சார், கெடில ஆத்துல கெடாசிட்டு வாங்க" என்றானாம். நீங்கள் அதை மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

அக்கா வாசலிலேயே மறித்தாள். "ஏங்க, ஊரே சொல்ற பழமொழி உங்களுக்குத் தெரியாதா?"

"பாதிப் பழமொழி ஏற்கெனவே இந்த வூட்லதான் சோறு தின்னுது. மீதியும் வரட்டும்."

அக்கா பல வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்று நீங்கள் சிரிக்கவில்லையாம்.

ஆமையின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஓடு தேங்காய்ச் சிரட்டைபோல இருக்க வேண்டியது, விரலால் அழுத்தினால் ரப்பர்போல அமுங்கியது. காதோரம் சிவப்புக் கோடு இருந்ததால் நம் குளத்து ஆமை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். கன்றுக்குட்டிகளோடும் ஆடுகளோடும் வரிசையில் நின்ற அமீனாவைப் பார்த்து டாக்டரம்மாவே சிரித்தாராம். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு, "இது வெளிநாட்டு ஜாதி. ஆத்துல விடாதீங்க, நம்ம ஆமைக்குத்தான் கேடு. வச்சிக்கிறதா இருந்தா ஒழுங்கா வச்சிக்குங்க. பேசின்ல வச்சா செத்துரும்" என்றார்.

மறுநாளே சிதம்பரம் பஸ்ஸில் ஏறி என் கடைக்கு வந்துவிட்டீர்கள். வெயிலில் வாசலில் நின்றபடி, "மச்சான், ஒரு தொட்டி வேணும்" என்றீர்கள். எதற்கு என்று சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நான் மீன் தொட்டி நிறையச் செய்தவன். ஆமைத் தொட்டி எனக்கும் புதிது. உயரமாக ஒரு தொட்டி வரைந்து காட்டினேன். வேண்டாம் என்றீர்கள். அது நீந்தும், ஆனால் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும், நோஞ்சானாக இருக்கிறது, ஆகவே நீளமும் அகலமும் வேண்டும், உயரம் வேண்டாம், அது ஏறிக் காய ஈரம் படாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை ஒரு வரி விடாமல் ஒப்பித்தீர்கள். நான் சிலிக்கானில் பாத்ரூமுக்குப் போடும் வகை ஆகாது, பூஞ்சைக்கு மருந்து கலந்திருக்கும் என்று தேடி வேறு வாங்கினேன். ஒட்டி முடித்தபின் காய வேண்டும், தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும், வாடை போகும்வரை அலச வேண்டும். அத்தனை நாளும் கோர்ட்டுக்கு எதிரிலிருந்த பூத்திலிருந்து போன் செய்தீர்கள்.

"காஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"வாட போச்சா?"

"காலையிலதான கேட்டீங்க."

கடைசியில் ஒரு குட்டி யானை வண்டியில் வைக்கோல் பரப்பி, தொட்டிக்குப் பக்கத்தில் நானே உட்கார்ந்து கடலூர் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

அந்தத் தொட்டிதான் உங்கள் வீட்டின் நடுக்கூடமாக மாறிப்போனது. குழாய்த் தண்ணீரில் மருந்து நெடி இருக்கும் என்று டிரம்மில் பிடித்துவைத்து, ஒருநாள் கழித்து ஊற்றுவீர்கள். கடையில் அழகுக்கென்று கொடுத்த பொடிக் கல்லை அது தின்றுவிடும் என்று கொட்டிவிட்டு, விழுங்க முடியாத கூழாங்கற்களைப் போட்டீர்கள். காயும் மேடைக்கு நான் வழுவழுப்பான கிரானைட் துண்டு கொண்டுவந்தேன். அது ஏறி ஏறி வழுக்கி விழுவதைப் பார்த்துவிட்டு, கூரைக்குப் போடும் பழைய சீமை ஓடு ஒன்றைச் சாய்த்து வைத்தீர்கள். சொரசொரப்பில் நகம் பிடித்து அது முதல்முறை மேலே ஏறி, பின்னங்கால்களை நீட்டிக்கொண்டு படுத்தபோது, "பாரு மச்சான், சொந்த வூட்ல படுத்துருக்கற மாதிரி" என்றீர்கள். சொல்லிவிட்டு வேகமாக எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டீர்கள்.

கண்ணாடி வழியாக வரும் வெயில் ஓட்டுக்குப் போதாது, தொட்டியையே வெயிலில் வைத்தால் ஆமை வெந்துவிடும். ஆகவே தினமும் காலையில் அகலமான டப்பில் கொஞ்சம் தண்ணீரோடு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவீர்கள். டப்பில் பாதிக்குப் பலகை போட்டு நிழல். காக்கை கொத்தாமல் பக்கத்திலேயே நின்று பல் தேய்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கணவாய் மீனின் ஓடு பொறுக்கிவந்து, கழுவிக் காயவைத்துப் போடுவீர்கள். அதைக் கொறித்துக் கொறித்து, அரைக்கீரையும் ஓட்டோடு இறாலும் தின்று, அதன் முதுகு கெட்டிப்பட்டது. தொட்டவர்களைச் சோப்புப் போட்டுக் கைகழுவ வைக்காமல் விடமாட்டீர்கள். ஆமைக்கு யாரும் பேர் வைக்க விடவில்லை.

"பேரு ஏற்கெனவே இருக்கும் மச்சான். நமக்குத் தெரியல, அவ்ளோதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் அதை வளர்க்கவில்லை. யாருடைய பொருளையோ பத்திரமாக வைத்திருந்தீர்கள்.

ஒருநாள் தொட்டியின் வடிகட்டியைப் பிரித்துக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "நான் போற வூட்ல எல்லாம் ஏதாவது ஒண்ணு ஒடஞ்சிதான் போவுது. இது ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்." அந்தக் குடும்பத்தைத் தேட ஆரம்பித்தீர்கள். குமராட்சிக்குச் சம்மன் கொண்டுபோனாலும், புவனகிரிக்குப் போனாலும் விசாரிப்பீர்கள். ஆனால் அமீனா தேடுகிறார் என்றால் யார் சொல்வார்கள்? கேஸ் என்று நினைத்து, தெரிந்தவர்களும் தெரியாது என்றார்கள். நீங்கள் தேடத் தேட அவர்கள் இன்னும் தூரம் போனார்கள். கடைசியில் என்னிடம், "நீ கேளு மச்சான். உன்னப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க" என்றீர்கள்.

அந்த வீட்டில் குடியிருந்தவரின் பேரும், அவர் ஒரு டெய்லர் என்பதும் மட்டும் தெரியும். டெய்லர் கடை என்றால் ஆளுயரக் கண்ணாடி வேண்டும். சுற்று வட்டாரத்தில் அதைப் போடுகிறவன் நான். போகிற கடைகளிலெல்லாம் பேச்சுக் கொடுத்தபடி இருந்தேன். பல வருஷம் போய், 2011-இல், புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்துக்குப் போகிற வழியில், ஓட்டு வீட்டின் முன்பக்கம் ஒற்றை மிஷின் போட்டிருந்த ஒருவர்தான் அவர் என்று தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். கடலூரில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆத்துல விட்டுட்டேன், நல்லா நீந்திப் போயிடுச்சின்னு எம்பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார். மிஷினை மிதித்துக்கொண்டே, "அந்த வூட்ட மறந்து இப்பதான் தூங்கறோம். ஆமையக் கொண்டாந்தீங்கன்னா அந்த வூடும் கூடவே வந்துரும். வேணாங்க" என்றார்.

இதை உங்களிடம் வந்து சொன்னேன். "சரிதான்" என்றீர்கள். மாடிக்கும் கூடத்துக்குமாக எத்தனை தடவை ஏறி இறங்கினீர்களோ தெரியாது. அக்கா என்னைத்தான் கோபித்துக்கொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வடிகட்டி ஓடவில்லை, சூட்டு விளக்கு எரியவில்லை. மீனைவிட ஆமை ஜாஸ்தி அழுக்கு செய்யும். நீங்கள் அடிபம்பில் வரிசையில் நின்று, குடிக்க ஒரு குடம், ஆமைக்கு ஒரு குடம் என்று சுமந்தீர்கள். அக்கா திட்டினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்ததை எங்கள் யாரிடமும் நீங்கள் சொல்லவில்லை; பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

புயலில் உடைந்த உங்கள் ஜன்னல் கண்ணாடிகளைப் போட நான் வந்திருந்த அன்றுதான் அந்த டெய்லரின் பெண் வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ போட்டிக்கு வந்தவள், ஒரு தோழியை இழுத்துக்கொண்டு வழி கேட்டு வந்திருந்தாள். நான் அவள் அப்பாவிடம் பேசியபோது கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். உள்ளே வந்தவள் முதலில் தொட்டியைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தாள்.

"எங்க வூட்டுக் கதவ ஒடச்சது நீங்களா?"

"ஆமாம்மா" என்றீர்கள். பிறகு, "கதவ இல்ல. பூட்டத்தான்."

அவள் பையைக் கழற்றித் தோழியிடம் கொடுத்தாள். அப்புறம் தொட்டியருகே போய்க் குனிந்தாள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்த ஆமை, யாராவது குனிந்தால் தீனி என்று நினைத்துக் கண்ணாடியை முட்டிக்கொண்டு வரும். அப்படியே வந்தது. "பொரி" என்றாள். அதுதான் பேராம். பொரி தின்றதால் பொரி. நீங்கள் அந்தப் பேரை மெதுவாக ஒருதரம் சொல்லிப் பார்த்தீர்கள்.

எடுத்துப் போகிறாயா என்று கேட்டதற்கு, "அப்பா அழுவாரு. இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாக்கறேன்" என்றாள். அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் கேட் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தீர்கள் என்று அக்கா சொன்னாள். வெயில் காலம் முடியும் முன் ஒருநாள் காலை, டப்பை மாடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தீர்கள். எழவில்லை.

இனித்தான் சேதி, மாமா.

உங்கள் கருமாதிக்கு முதல் நாள். வீடு நிறைய ஆட்கள். வாசலில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் அந்தப் பெண். அவர்தான், புவனகிரி டெய்லர். நீங்கள் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்; உங்களைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். சாமியானாவைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முடியாமல், படியேறவும் முடியாமல் நின்றார். அக்கா எழுந்து போய், "உள்ள வாங்க" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், மாமா. உங்கள் வீட்டுக்குள் வந்தார். நேரே தொட்டியிடம் போனார். தண்ணீர் பச்சையாகிக் கிடந்தது. இழவு வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை. "மாத்தி ரொம்ப நாளாச்சா?" என்று என்னிடம் கேட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே வாளியை எடுத்தார். அவரும் நானும் பழைய தண்ணீரை மொண்டு கொல்லையில் ஊற்றினோம். கூழாங்கற்களை அவர் மகள் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். புதுத் தண்ணீரில் ஆமை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு சீமை ஓட்டின் மேல் ஏறிப் படுத்தது.

கிளம்பும்போது, "அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னுதாம்மா வந்தேன்" என்றார்.

"எங்கிட்ட சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவர் உங்கள் படத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், "இல்லம்மா. அது அவருகிட்ட சொல்ல வேண்டியது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இப்போது அக்கா என்னோடு சிதம்பரத்தில் இருக்கிறாள். பொரியும் இங்கேதான். காலையில் மாடிக்குத் தூக்கிப் போவது நான். அந்தப் பெண் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவர் வரவில்லை. அவர் கடைக்கு நான் போகலாம், கேட்கலாம். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிடுகிறேன். அது நன்றியாக இருக்கலாம். அத்தனை வருஷம் அடக்கிவைத்த வசவாகவும் இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் நின்று கேட்டிருப்பீர்கள். உங்களுக்கென்று ஒருவர் உங்கள் வாசல்வரை கொண்டுவந்த அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள முடியாமலும், இறக்கிவைக்க இடம் தெரியாமலும், கடைக்கும் வாசலுக்குமாக நான் நடந்துகொண்டிருக்கிறேன், மாமா.