தூரத்திலிருந்து வந்தவர்கள்

தாராவி, மும்பை
13 ஜூலை 2025

அன்புள்ள ராஜலக்ஷ்மி மாமிக்கு, மரியே வாழ்க.

நேற்று சனிக்கிழமை ஆறரை மணி ஜெபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மருமகள் ஆனி, எதிர்வீட்டு ரீனா, அவள் மாமியார், தையல்கடை சாஜன். ஆக ஆறு பேர். மகன் ஜெப்ரிக்கு ஷிப்ட். தூரத்திலிருந்து வந்தவர்கள்: டோம்பிவிலி ஞானசேகரன் அண்ணனும் இன்னும் எட்டுப் பேரும்.

இதென்ன, மெயிலில் ஒருத்தி வருகைப் பதிவேடு எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். உங்கள் சமையல் வலைப்பூவில் வெந்தயக் குழம்புக்குப் புளி அளவு விட்டுப்போனதைச் சொன்னவள் நான்தான். மறுநாளே திருத்தி, என் பெயரையும் போட்டு நன்றி சொன்னீர்கள். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

நானும் ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன். எங்கள் சந்தில் முப்பது குடும்பம் சேர்ந்து ஜெபித்தோம். இப்போது டோம்பிவிலி, பாண்டுப், டிராம்பே என்று சிதறிப்போனார்கள். அவர்களுக்காகத்தான் வாராவாரம் எழுதுகிறேன். ஞாயிறு காலை படித்துவிட்டு யாரெல்லாம் கீழே "ஆமென்" போடுகிறார்களோ, அவர்கள் அடுத்த பதிவில் தூரத்திலிருந்து வந்தவர்கள். ஆரம்பத்தில் அறுபத்தொரு பேர் படித்தார்கள். போன வாரம் பதினான்கு. தேதிவாரியாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு அது எண்ணிக்கை, எனக்கு அத்தனையும் முகம். இவர்களும் போய்விட்டால் எங்கள் சந்தே போன மாதிரி.

உங்களிடம் வருகிறவர்கள் எப்படிப் போகாமல் இருக்கிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

பணிவுடன்,
சேசம்மாள்


மாட்டுங்கா
16 ஜூலை 2025

அன்புள்ள சேசம்மாளுக்கு,

அந்தப் புளியை நான் மறக்கவே இல்லை. பதினோரு வருஷமாக எழுதுகிறேன், அளவு விட்டுப்போனதைச் சொன்ன ஒரே மனுஷி நீங்கள்தான்.

உங்கள் வலைப்பூவை ஆதியோடந்தம் படித்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் தலைப்பைத் தாண்டி அதுவரைக்கும் யார் வரப்போகிறார்கள்? தலைப்பு "ஜெபம் 212". பால் பில் மாதிரி இருக்கிறது! அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தைத் தலைப்பாக வையுங்கள். பத்தி நாலு வரிக்கு மேல் போக வேண்டாம். மாதா படம் எல்லாரிடமும் உண்டு, உங்கள் வீட்டு ஜன்னலைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். இளசுகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் நீங்களே வாசித்துக் குரலாகவும் போடுங்கள். முடிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள், படித்தவர்கள் பதில் எழுத உட்காருவார்கள்.

முக்கியமாக, அந்தப் பெயர்ப் பட்டியலை எடுத்துவிடுங்கள். புதிதாக வருகிறவர் முதலிலேயே இத்தனை பெயரைப் பார்த்தால், அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் நுழைந்துவிட்டோமோ என்று திரும்பிவிடுவார். வந்தவர்களுக்குத் தாங்கள் வந்தது தெரியும். வராதவர்களுக்கு அது எதற்கு?

இப்படித்தான் எனக்குத் தினம் நாலாயிரம் பேர் வருகிறார்கள்.

அன்புடன்,
ராஜலக்ஷ்மி


தாராவி
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமிக்கு, மரியே வாழ்க.

முந்நூற்று இருபத்தாறு! ஆனி இரண்டு தடவை பார்த்துச் சொன்னாள்.

நீங்கள் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை, கேள்வியைத் தவிர. கேட்கத் தெரியவில்லை, கூச்சமாக இருக்கிறது. "குக்கர் விசிலுக்கு நடுவில் ஜெபமாலை" என்று தலைப்பு வைத்த அன்றைக்கு மட்டும் எழுபது பேர் புதிதாக வந்தார்கள். குரல் பதிவு ஆனியின் பொறுப்பு. போன வாரம் நான் உருக்கமாக வாசிக்கும்போது வெளியே பழைய சாமான் வாங்குகிற பங்கார்வாலா கத்திக்கொண்டு போனான். "அழிச்சுருவோமா அத்தே?" என்றாள். "கெடக்கட்டும், அவனும் ஜெபத்துக்கு வந்தவன்தானே" என்றேன். டிராம்பே பஸ்ஸில் போகும் ஒரு பெண் அதைக் கேட்டுச் சிரித்ததாக இந்தியில் எழுதியிருக்கிறாள்.

தினமும் உங்கள் பெயரைச் சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறேன். என்னிடம் இருப்பதில் உங்களுக்குத் தரக்கூடியது அதுதான்.

ஆமென் போடுகிறவர்கள் மட்டும் ஒன்பதிலிருந்து இரண்டாகிவிட்டார்கள். புதியவர்கள் கட்டைவிரல் போடுகிறார்கள். அதையும் ஆமென் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
சேசம்மாள்


தாராவி
28 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமிக்கு,

இதை எழுத மூன்று நாள் யோசித்தேன்.

ஞானசேகரன் அண்ணன் வியாழக்கிழமை போன் செய்தார். டோம்பிவிலியில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். தூக்கிக்கொண்டுபோனது பக்கத்து வீட்டு நுஸ்ரத் என்ற பெண். எங்கள் எண் அவளுக்குத் தெரியாது. எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

"ஏட்டி சேசம்மா, எம்பேர அடிச்சிட்டியாக்கும்? நான் மேல போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சியோ?" என்றார்.

"ஐயோ அண்ணே, இப்போ யாரு பேரும் போடுறதில்லண்ணே."

"அப்பொ எவன் வரலன்னு எப்பிடிட்டி தெரியும்?"

மாமி, மார்ச் மாதம் அவருக்குக் காய்ச்சல். ஒரே ஒரு வாரம் பட்டியலில் பெயர் இல்லை. மத்தியானத்துக்குள் ஐந்து பேர் அவருக்குப் போன் செய்துவிட்டார்கள். அந்தப் பட்டியல் வந்தவர்களுக்காக இல்லை, வராதவர்களுக்காக என்பது, எழுதிவந்த எனக்கே தெரியாமல் இருந்தது.

உங்கள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முந்நூறு பேரை என் வாசலுக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். அவர்களை விரட்டாமல் பெயர்களைத் திரும்ப வைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள்,
சேசம்மாள்


மாட்டுங்கா
30 செப்டம்பர் 2025

அன்புள்ள சேசம்மாளுக்கு,

தப்பு என்னுடையது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வழி கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. நாலாயிரம் பேர் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? நேற்று உட்கார்ந்து யோசித்தேன். என் கணவர் போன பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். நான் எழுதாமல் நின்றால் அந்த நாலாயிரத்தில் யார் போன் செய்வார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். விரல் மடக்க வேண்டியிருக்கவில்லை.

இனி யாருக்கும் யோசனை சொல்வதாக இல்லை. நீங்கள் நன்றாக இருங்கள்.

ராஜலக்ஷ்மி


தாராவி
26 அக்டோபர் 2025

அன்புள்ள மாமிக்கு, மரியே வாழ்க.

நேற்று வந்திருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், ஜெப்ரி, ஆனி, ரீனா, அவள் மாமியார், சாஜன். ஆக ஏழு பேர். தூரத்திலிருந்து வந்தவர்கள் நாற்பத்தொன்று. வாக்கர் பிடித்து நிற்கும் ஞானசேகரன் அண்ணனும், அவருக்குப் போனைப் பிடித்துக்கொள்ளும் நுஸ்ரத்தும் அதில் சேர்த்தி. இரண்டு பேரும் போனிலேயே ஜெபத்தில் சேர்ந்துகொண்டார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் முடிக்கும்போது "ஆமீன்" என்றாள், பெயரைப் போட்டுவிட்டேன்.

வழி கிடைத்துவிட்டது மாமி, அதுவும் உங்களிடமிருந்தே. தலைப்பு, ஜன்னல், குரல் எல்லாம் நீங்கள் சொன்னபடியே மேலே இருக்கின்றன. பெயர்களைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்தேனே, அந்தக் கேள்வியை அதற்கும் கீழே வைத்தேன்: "இந்த வாரம் யாரைக் காணோம்?"

எண்ணிக்கை இருநூற்றுத் தொண்ணூறாகக் குறைந்தது. இருக்கிறவர்கள் கடைசி வரி வரை வருகிறார்கள். "என் பெயரையும் போடுங்கள் ஆன்ட்டி" என்று முகம் தெரியாத பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லாம் நீங்கள் கொடுத்தது. மரிக்கிற வரைக்கும் இந்த நன்றி எனக்கு இருக்கும்.

இன்று காலை அந்தக் கேள்விக்கு, உங்கள் சமையலையும் படிக்கிற மூன்று பேர் ஒரே பதிலை எழுதியிருக்கிறார்கள். "மாட்டுங்கா மாமியைக் காணோம்." உங்கள் வலைப்பூவில் வாழைப்பூ வடை இருபத்தேழு நாளாக அப்படியே நிற்கிறது. கேட்ட சந்தேகம் எதற்கும் பதில் இல்லை. ஐந்தாம் தேதியும் பதினான்காம் தேதியும் நான் எழுதியதற்கும் இல்லை. அண்ணன் போனில் சத்தம் போட்டார்: "ஏட்டி, அங்கேருந்து நடந்தா அரை மணி நேரம். அந்த அம்மா கதவ எவளாவது தட்டுனீங்களா?"

தட்டியிருப்பேன் மாமி. எந்தக் கதவு என்று தெரியாது. நாலு மாதமாக உங்களுக்கு எழுதுகிறேன், அதைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

பட்டியலில் உங்கள் பெயருக்கு இடம் விட்டுவைத்திருக்கிறேன். எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனையாம் மாடி, அது மட்டும் எழுதினால் போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
சேசம்மாள்